காவலில் உயிர் போனால் குடும்பம் செய்ய வேண்டியவை: ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதுவது

நான் வக்கீல் இல்லை, வக்கீல் குமாஸ்தா. மதுரை ஒத்தக்கடைப் பக்கம், உயர் நீதிமன்றக் கிளைக்கு நடந்துபோகிற தூரத்தில் எங்கள் ஆபீஸ். மனு டைப் அடிப்பது, நம்பர் ஆகும்வரை செக்‌ஷனில் நிற்பது, கட்டு தைப்பது எல்லாம் என் வேலை. லாக்கப் சாவு என்று யாராவது படியேறி வந்தால் அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "தேதி, நேரம் சொல்லுங்க" என்று முதலில் கேட்பவனும் நான்தான். சட்ட வாதம் எல்லாம் சார் பார்த்துக்கொள்வார். அதற்கு முன்னால் குடும்பம் தானே செய்யக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

இந்த வழக்குகள் பத்து, பதினைந்து வருடம் இழுக்கும். ஆனால் அதன் தலையெழுத்தில் பாதி, உடலை அடக்கம் செய்வதற்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது. அந்த ஒன்றிரண்டு நாளில் காவல் துறை தன் கதையை எழுத்தில் முடித்துவிடும். நெஞ்சு வலி வந்தது, வலிப்பு வந்தது, தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தார், பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். (நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில் மட்டும் இத்தனை பேர் எப்படித்தான் வழுக்கி விழுகிறார்களோ!) அதே நேரத்தில் குடும்பம் ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருக்கும். கையில் ஒரு காகிதம்கூட இருக்காது.

ஆள் உயிரோடு இருக்கும்போதே

வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ ஒருவரைக் கூட்டிப்போய்விட்டார்கள் என்றால், தனியாக ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். கைதுக் குறிப்பு கேளுங்கள். 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கைது செய்யும்போது நேரம், தேதியோடு ஒரு குறிப்பு எழுத வேண்டும், அதில் குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவர் விரும்பினால் உடல் காயங்களையும் அப்போதே பதிய வேண்டும். "அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை" என்று சொன்னால் வாக்குவாதம் பண்ணாதீர்கள். சொன்னது யார், மணி என்ன என்று குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் 100-க்கோ 112-க்கோ போன் அடித்து, இன்னாரை இன்ன ஸ்டேஷன் போலீஸ் கூட்டிப்போனது என்று சொல்லுங்கள். உதவி வருகிறதோ இல்லையோ, அந்த நேரத்தில் நீங்கள் சொன்னது பதிவாகும்.

முன்பெல்லாம் இதற்குத் தந்திதான். ஆளைத் தூக்கிய அன்றே எஸ்.பி.க்கும் கலெக்டருக்கும் முதலமைச்சருக்கும் தந்தி அடித்து ரசீதை வைத்துக்கொள்வார்கள். "கைதே செய்யவில்லை" என்று போலீஸ் சொல்லும் தேதியில் தந்தி ரசீது எதிரே வந்து நிற்கும். 2013 ஜூலையில் தந்தி நின்றுபோனது. இப்போது அந்த வேலையை இ-மெயில் செய்கிறது. எஸ்.பி., டி.ஜி.பி., கலெக்டர், மாநில மனித உரிமை ஆணையம் என்று எல்லா முகவரிக்கும் ஒரே மெயில். நான்கு வரி போதும், அழகாக எழுத வேண்டாம். கூடவே ஒரு ஸ்பீட் போஸ்ட். ரசீதைப் போட்டோ எடுத்துவையுங்கள், அந்த மை மூன்று மாதத்தில் வெளுத்துவிடும்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லை என்றால், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆள் இறந்துபோயிருக்கலாம் என்ற பயம் இருந்தாலும் போடலாம். 1993-இல் கம்மாபுரம் போலீஸ் கூட்டிப்போன ராஜாக்கண்ணுவின் வழக்கு ஆட்கொணர்வு மனுவாகத்தான் தொடங்கியது. "எங்கள் காவலிலிருந்து ஓடிப்போய்விட்டான்" என்ற போலீஸ் கதை அந்த மனுவில்தான் உடைந்தது.

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும் நேரம் தெரிந்தால் கோர்ட்டுக்குப் போய் நில்லுங்கள். "அடித்தார்களா என்று கேட்பார், இருந்தால் சட்டையைக் கழற்றிக் காட்டு" என்று ஆளிடம் ஒரு வார்த்தை சொல்ல முடிந்தால் சொல்லுங்கள். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பியபோது, ரிமாண்ட் செய்த மாஜிஸ்திரேட் அவர்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. இரண்டு மூன்று நாளில் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

போன் வந்த பிறகு

யார் பேசினார், எந்த நம்பரிலிருந்து, மணி என்ன, என்ன வார்த்தை சொன்னார். இதை ஒரு நோட்டில் எழுதுங்கள். முதலில் "சீரியஸ், ஜி.ஹெச்.சில் சேர்த்திருக்கிறோம்" என்றுதான் சொல்வார்கள். அப்புறம்தான் விஷயம் தெரியும். அந்த இரண்டு போன்களுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பது பின்னால் குறுக்கு விசாரணையில் பெரிய விஷயமாகும்.

ஆஸ்பத்திரியில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதிலும் வெள்ளைத் தாள் கூடவே கூடாது. "சாவில் சந்தேகம் இல்லை" என்று அவர்களே எழுதிவந்து, "இதுல போட்டாத்தான் பாடி குடுப்பாங்க" என்பார்கள். அப்படி ஒரு சட்டம் கிடையாது. குடும்பத்தில் படித்த ஒருவரைக் குறிப்பிட்டு, "இவர் படித்துப் பார்க்காமல் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது" என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். கைநாட்டு வைக்கிற பெரியவர்களை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

ஏ.ஆர். காப்பி கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுவந்தபோது டியூட்டி டாக்டர் எழுதுகிற விபத்துப் பதிவேட்டின் நகல்தான் அது. யார் கொண்டுவந்தார், எத்தனை மணிக்கு, உயிர் இருந்ததா, என்னென்ன காயம் என்று எல்லாம் அதில் இருக்கும். நேரில் கொடுக்க மாட்டார்கள், எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

இனி மிக முக்கியமான காகிதம். பிரேதப் பரிசோதனைக்கு முன்பே இதை எழுதி ஆஸ்பத்திரி டீனுக்கும், விசாரிக்க வரும் மாஜிஸ்திரேட்டுக்கும், எஸ்.பி.க்கும் கொடுத்து, நகலில் சீலும் கையெழுத்தும் வாங்க வேண்டும். சீல் போட மறுத்தால் மெயிலில் அனுப்புங்கள். நான் வழக்கமாக எழுதிக் கொடுக்கிற வாசகம் இது:

"என் மகன் காவல் துறையினரின் பிடியில் இருந்தபோது இறந்துள்ளார். காவல் துறையினர் அடித்ததால்தான் இறந்தார் என்று நாங்கள் நம்புகிறோம். பிரேதப் பரிசோதனைக்கு முன் உடலை முழுமையாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் எங்களை அனுமதிக்க வேண்டும். தடயவியல் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்த இரண்டு மருத்துவர்கள் பரிசோதனை செய்ய வேண்டும். முழு உடல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். தொடக்கம் முதல் முடிவு வரை வீடியோ எடுக்க வேண்டும். அறிக்கையும் வீடியோவும் எங்களுக்கு வழங்க வேண்டும். நாங்கள் உயர் நீதிமன்றத்தை அணுக இருப்பதால் உடலை 48 மணி நேரம் பாதுகாத்து வைக்க வேண்டும்."

இதில் ஒன்றுகூட நான் கற்பனையாகச் சேர்த்தது இல்லை. 2020-இல் மதுரைக் கிளை சந்தோஷ் என்பவர் தொடர்ந்த வழக்கில் வகுத்த நெறிமுறைகளில் உள்ளவைதான். கடைசி வாக்கியம்தான் அதில் உயிர்நாடி. உயர் நீதிமன்றத்துக்குப் போகப்போகிறோம் என்று குடும்பம் எழுத்தில் கொடுத்தால் குறைந்தது 48 மணி நேரம் உடலை வைத்திருக்க வேண்டும். எழுத்தில் கொடுத்தால்தான். மார்ச்சுவரி வாசலில் நூறு பேர் நின்று கோஷம் போட்டாலும் அது எழுத்து ஆகாது.

உடலைப் பார்க்க உள்ளே போகும்போது, பெற்ற தாயை அனுப்பாதீர்கள். நெஞ்சு உறுதியான இரண்டு பேர் போக வேண்டும், ஒருவர் கையில் நல்ல கேமரா உள்ள செல்போன். முகத்தை மட்டும் பார்த்துவிட்டு அழுதுகொண்டே வந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. துணியை விலக்கி உடலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்புறம், முழங்கால் மூட்டு, மணிக்கட்டு, நகக்கண், காதுக்குப் பின்னால், பிறப்புறுப்பு. லத்தி அடி பெரும்பாலும் வெளியே தெரியாத இடத்தில்தான் விழுந்திருக்கும். ஒவ்வொரு காயத்துக்கும் தூரத்திலிருந்து ஒரு படம், கிட்டத்தில் ஒரு படம். கிட்டப் படத்தில் பக்கத்தில் ஒரு ஸ்கேலோ, இல்லாவிட்டால் ஒரு நாணயமோ இருக்கட்டும். அளவு தெரியும்.

துணிமணி விஷயம். ஒரு முறை ஒரு அம்மா மஞ்சப்பையிலிருந்து மகனுடைய சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். துவைத்து, மடித்து, இஸ்திரி போட்டது மாதிரி நீவிவிட்டிருந்தார். "ரத்தமும் சீழுமா இருந்துச்சு சார், கோர்ட்டுக்கு எப்படி அப்படியே குடுக்கிறது." சார் ஒன்றும் சொல்லவில்லை, சட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். தயவுசெய்து துவைக்காதீர்கள். நிழலில் காயவைத்து, செய்தித்தாளில் சுற்றி, காகிதப் பையில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும். யார் கொடுத்தார், எப்போது என்று பைமேல் எழுதுங்கள். சாத்தான்குளத்தில் அப்பாவுக்கும் மகனுக்கும் ரத்தத்தில் நனைந்த லுங்கியைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்பதே வழக்கில் ஒரு முக்கியமான சங்கதி.

பிரேதப் பரிசோதனை முடிந்தபின், எரிக்காதீர்கள். புதையுங்கள். எரிக்கும் வழக்கமுள்ள குடும்பங்களில் இதைச் சொல்லும்போது பெரியவர்கள் கோபப்படுவார்கள், சித்தப்பா பெரியப்பா எல்லாம் சண்டைக்கு வருவார்கள். பொறுமையாகச் சொல்லுங்கள். முதல் அறிக்கை சரியில்லை என்றால் தோண்டி எடுத்து மறு பரிசோதனை கேட்க உடல் வேண்டும். சாம்பலை வைத்து எந்த டாக்டரும் ஒன்றும் சொல்ல முடியாது.

"பாடியை வாங்க மாட்டோம்" என்று உட்காருவது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். அது பலமான ஆயுதம்தான், ஆனால் கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். கொலை வழக்காகப் பதிவு, சம்பந்தப்பட்டவர்கள் கைது, வேறு பிரிவுக்கு விசாரணை மாற்றம் என்று மூன்றை எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள். எந்தப் பேச்சுவார்த்தையிலும் வாய்மொழி வாக்குறுதியை நம்பி எழுந்திருக்காதீர்கள். அதே சமயம் உடல் கெட்டுப்போகும்வரை வைத்திருந்தால் மறு பரிசோதனையில் காயங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். அந்த முடிவைக் கூட்டத்தை நடத்துகிறவர்கள் எடுக்கக் கூடாது, குடும்பமும் வக்கீலும் எடுக்க வேண்டும்.

எந்த விசாரணை, யார் விசாரணை

"விசாரணை நடக்குதுங்க, ஆர்.டி.ஓ. கூப்பிட்டு விசாரிச்சுட்டாரு" என்று நிம்மதியாகச் சொல்வார்கள். ஆர்.டி.ஓ. என்பவர் வருவாய்க் கோட்டாட்சியர், அவர் விசாரணை வருவாய்த் துறை விசாரணை. காவல் மரணத்தில் நமக்குச் சட்டப்படி வேண்டியது நீதித்துறை நடுவரின் விசாரணை. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தில் 176(1ஏ) என்று இருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 196. பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மனைவி அல்லது கணவர் அந்த விசாரணையில் உடனிருக்கலாம். மாஜிஸ்திரேட் கூப்பிடும்போது போலீஸ் வண்டியில் ஏறிப் போகாதீர்கள், பஸ்ஸில் போனாலும் சரி, சொந்தமாகப் போங்கள். சாத்தான்குளத்தில் உண்மை வெளியே வந்தது கோவில்பட்டி மாஜிஸ்திரேட் நேரில் ஸ்டேஷனுக்குள் போய் விசாரித்ததால்தான். அங்கே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், தைரியத்தோடு அவரிடம் நடந்ததைச் சொன்னார்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பாருங்கள். சந்தேக மரணம், பி.என்.எஸ்.எஸ். 194 என்று மட்டும் இருந்தால் அது கொலை வழக்கு இல்லை. கொலை என்றால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 103 இருக்க வேண்டும். நீங்கள் தனியாகப் புகார் எழுதி எஸ்.பி.க்கு அனுப்புங்கள். இறந்தவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவுகளையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போது விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், நிவாரணமும் சட்டப்படி உரிமையாக வரும். அடித்த ஸ்டேஷனே விசாரிப்பதை எதிர்த்து சி.பி.சி.ஐ.டி. அல்லது சி.பி.ஐ. விசாரணை கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

சி.சி.டி.வி.க்குக் காத்திருக்கக் கூடாது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் தினமும் தானாக அழிகிற மாதிரி செட் பண்ணி வைத்திருந்தார்கள், ஹார்டு டிஸ்க்கில் இடம் இல்லாமல் இல்லை. 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் ஒலியோடு கேமரா, 18 மாதப் பதிவு, எப்படியும் ஒரு வருடத்துக்குக் குறையக் கூடாது என்று உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு, "இந்தத் தேதி இந்த நேரம் முதல் இந்த நேரம் வரையான பதிவைப் பாதுகாக்கவும்" என்று முதல் நாளே எஸ்.பி.க்கு எழுதுங்கள். ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள டீக்கடை, மெடிக்கல் ஷாப், பெட்ரோல் பங்க் கேமராக்களையும் விடாதீர்கள். அவை பத்து நாளில் மேலெழுதிவிடும். கடைக்காரர் பயப்படுவார், கட்டாயப்படுத்தாதீர்கள். எங்கே கேமரா இருக்கிறது என்று மனுவில் எழுதினால் கோர்ட் கேட்டு வாங்கும்.

யாராவது செல்போனில் எடுத்திருந்தால் அந்தப் போன்தான் ஆதாரம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமார் வழக்கில், மறைந்து நின்று ஒருவர் எடுத்த வீடியோதான் எல்லாவற்றையும் மாற்றியது. அப்படி ஏதாவது கிடைத்தால் நூறு குரூப்பில் ஃபார்வர்டு பண்ணிவிட்டு மூலத்தை அழித்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். எடுத்த போனை அப்படியே வைத்திருந்து வக்கீலிடம் காட்டுங்கள். புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கும், அதை அவர் தயார் செய்வார். எடுத்தவருக்கும் பார்த்த சாட்சிகளுக்கும் மிரட்டல் வந்தால் 2018-ஆம் ஆண்டு சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலேயே மனுக் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் முன் வாக்குமூலம் கொடுக்க வைப்பதையும் சீக்கிரம் செய்துவிட வேண்டும். ஆறு மாதம் போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஞாபகம் மங்கிவிடும், அல்லது மங்கவைக்கப்படும்.

மனித உரிமை ஆணையம் பற்றி ஒரு வார்த்தை. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், தமிழிலேயே எழுதலாம். ஆனால் மாநில ஆணையத்தில் நிலுவையில் உள்ளதைத் தேசிய ஆணையம் எடுக்காது. இரண்டு பக்கமும் போட்டால் ஒன்று மற்றொன்றைக் காட்டித் தள்ளிவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு சொல்லிவிட்டது, அதனால் வெறும் காகிதம் என்று நினைக்க வேண்டாம்.

பணம் கொண்டுவருவார்கள்

இது வந்தே தீரும். ராத்திரியில், உங்களுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வரும். உள்ளூர்க் கட்சிக்காரர், சொந்தக்காரர், சில நேரம் பிள்ளைகளின் வாத்தியார். "போன உயிர் வரவா போகுது, இருக்கிறதுகளைப் பாருங்க" என்பார்கள். அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, அவரையும் யாரோ அனுப்பியிருப்பார்கள். வாங்காதீர்கள். யார் வந்தார், எவ்வளவு சொன்னார் என்று அதே நோட்டில் எழுதுங்கள்.

அரசு நிவாரணம் வேறு. கலெக்டர் செக் கொடுத்தால் தாராளமாக வாங்கலாம், அதனால் கொலை வழக்கு பலவீனமாகாது. செக்கோடு வரும் ரசீதை மட்டும் படித்துப் பாருங்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், அல்லது "வழக்குரிமைக்கு உட்பட்டுப் பெற்றுக்கொண்டேன்" என்று மேலே எழுதுங்கள். இழப்பீட்டை நீதிமன்றமே நேரடியாகத் தர முடியும் என்பதற்கு ஒரிசாவின் நிலாபதி பெஹெரா வழிகாட்டி. காவலில் இருந்த மகன் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். அந்தத் தாய் 1988-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதையே ரிட் மனுவாக எடுத்துக்கொண்டு 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டார்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல். அதனால் மனுவை மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ போடச் சொல்வேன்.

அப்புறம் வருகிற வருடங்கள்

மூன்று மாதத்தில் பத்திரிகைக்காரர்கள் போய்விடுவார்கள். அப்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193 சொல்கிறது. தெரிவிக்கவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். "குற்றம் நிரூபணமாகவில்லை" என்று வழக்கை முடித்து அறிக்கை போட்டால், உங்களுக்கு நோட்டீஸ் வரும். ஆட்சேப மனு போடலாம். பலர் அந்த நோட்டீஸைப் புரியாமல் அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். கோர்ட் முத்திரையுள்ள எந்தக் கவர் வந்தாலும் அன்றைக்கே வக்கீலிடம் காட்டுங்கள். அரசு ஊழியர்மேல் வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்று எதிர்த்தரப்பு ஒரு கல்லைத் தூக்கிப் போடும். காவலில் அடிப்பது கடமையில் சேராது என்று தீர்ப்புகள் உண்டு. புதிய சட்டத்தில் 120 நாளில் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே ஆகிவிடும்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீன் கேட்கும்போது நீங்களும் எதிர்த்து மனுப் போடலாம். விசாரணையில் அரசு வக்கீலுக்கு உதவியாக உங்கள் வக்கீல் இருக்கலாம். விடுதலை ஆனால் நீங்களே மேல்முறையீடு செய்யலாம்.

எத்தனை வருடம் என்று கேட்பவர்களிடம் நான் வாச்சாத்தியைச் சொல்வேன். 1992 ஜூன் 20 அன்று வனத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த மலைக் கிராமத்துக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். 269 பேர்மேல் வழக்கு. தர்மபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-இல். மிரட்டலும் வந்தது, பணமும் காட்டப்பட்டது. அந்த ஊர் சாட்சியத்தை மாற்றவில்லை.

அதனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் குடும்பத்திலிருந்து ஒருவர் கோர்ட்டில் இருக்க வேண்டும். ஒரே ஆளே வருடக்கணக்கில் போனால் வேலை போய்விடும், முறை வைத்துக்கொள்ளுங்கள். அன்று என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று அதே நோட்டில் இரண்டு வரி. காகிதங்களில் மூலம் ஒரு வீட்டிலும் நகல் வேறொரு வீட்டிலும் இருக்கட்டும். கூரை வீடாக இருந்தால் மூலத்தை வக்கீல் ஆபீஸில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸாக இருந்தாலும் ரசீது கேளுங்கள், தருவேன்.